நடப்பதில் ஆர்வமில்லாத ஜுனைட்

"உடலியக்கம் மிகக் குறைவு. நடப்பதில் ஆர்வம் இல்லை. பதற்றம் உண்டு. குடும்பத்தினர் ஊக்கப்படுத்த வேண்டும்."

சாய்ந்தமருது ஜுனைட்டின் கண் கிளினிக் அட்டையில் இப்படி எழுதியிருக்கிறது. இதில் பதற்றம் உண்டு என்பது மட்டும் மெய். மற்றதெல்லாம், எழுதியவர் மேல் குற்றமில்லாமலே, பொய். அதே அட்டையில் தொழில் என்று அச்சடித்த இடத்துக்கு எதிரே "ஓய்வு பெற்றவர்" என்று மட்டும் இருக்கிறது. எந்த வேலையிலிருந்து என்று ஒரு சொல் சேர்த்திருந்தால், அடுத்த வரியை எழுதப் பேனைக்கே கூச்சம் வந்திருக்கும்.

ஜுனைட் மின்சார சபைக்கு மீற்றர் வாசித்தவர். கல்முனைக்குடியில் தொடங்கிச் சாய்ந்தமருதின் கடற்கரை ஒழுங்கைகள் வரைக்கும், வீடு வீடாக, படலை படலையாக, உத்தியோக காலம் முழுவதையும் காலால் கழித்தவர். சைக்கிள் இருந்ததுதான். ஆனால் இந்தப் பக்கத்து வீடுகள் மதிலோடு மதில் உரசிக்கொண்டு நிற்பவை. ஒரு படலையில் ஏறி அடுத்த படலையில் இறங்குவதற்குச் சைக்கிள் எதற்கு? அதை வீட்டுச் சுவரில் சாத்திவிட்டு நடந்தார். அது சுவரிலேயே துருப்பிடித்தது. அவர் துருப்பிடிக்கவில்லை.

அந்தக் காலத்தில் அவரைக் கண்டு மகிழ்ந்தவர் ஊரில் எவருமில்லை. படலையைத் தட்டினால் உள்ளேயிருந்து, "ஆம்பிள இல்ல, மறுகா வாங்க!" என்று ஒரு குரல் வரும். நாய் மட்டும் வெளியே வந்து பார்க்கும். உச்சி வெயிலில் வியர்த்து ஒழுக நடந்துகொண்டிருந்தவரை, "காக்கா, ஏறுங்க, கொண்டு விடுறன்" என்று அண்ணன் முறை வைத்து ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. மின்கட்டணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற மனிதனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போக யாருக்குத்தான் மனம் வரும்? அவரும் எதிர்பார்க்கவில்லை. நடந்தார், நிம்மதியாக இருந்தார். மீற்றர் ஜுனைட் என்றால் நடக்கிறவர் என்று பொருள்.

ஓய்வு பெற்ற பிறகு வாசிக்கிற கண்ணாடியை மாற்றப் போன இடத்தில்தான் விசயம் பிடிபட்டது. கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடியிருக்கிறது, நரம்பு பழுதாகிக்கொண்டு போகிறது, குளுக்கோமா என்றார்கள். நடுப்பார்வை நன்றாக இருக்கும், ஓரம்தான் முதலில் போகும், போவது போகிறவருக்கே தெரியாது என்று டொக்டர் விளக்கினார். போனது திரும்பி வராது. மிஞ்சியிருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம். ஜுனைட்டுக்கு இரண்டு கண்ணிலும் ஓரம் கொஞ்சம் ஏற்கெனவே போயிருந்தது.

தெரியாமல் போகும் என்ற அந்த ஒரு வார்த்தை அவரைப் பிடித்துக்கொண்டது. தெரிந்து போகிற பொருளுக்காவது காவல் இருக்கலாம். தெரியாமல் போகிறதை எப்படிக் காவல் காப்பது? அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சுவரில் மாட்டியிருந்த கலண்டருக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மறு கண்ணால் கலண்டரின் நாலு மூலையும் தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு மற்றக் கண். பிறகு, முதலில் பார்த்தது சரிதானா என்று மறுபடியும் முதல் கண். காலையில் தேநீருக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. லுஹர் தொழுகைக்குப் போக முன், வந்த பின். பார்க்கப் பார்க்க மூலைகள் ஆடத் தொடங்கின. நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளங்கை வியர்த்தது.

அவருடைய மனைவி ஆயிஷா உம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கலண்டர் எங்கயும் ஓடாது. நீங்க கொஞ்சம் எழும்பி அங்கால போங்க."

அவரும் அங்கால போனார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, பழைய பழக்கத்தில் விறுவிறுவென்று தோணா வாய்க்கால்வரைக்கும் நடந்து திரும்பினார். வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான், இவ்வளவு நேரமும் கண்ணைச் சோதிக்கவே இல்லை என்பது நினைவு வந்தது. அந்த நேரத்துக்கு நெஞ்சு அடிக்கவுமில்லை. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொன்னபோது அவர் சந்தோசப்பட்டார். "வேகமா நடங்க ஐயா. கண் அழுத்தத்துக்கும் கொஞ்சம் நல்லது. பதற்றத்துக்கு இன்னும் நல்லது. மருந்தையும் விடாதீங்க, நடையையும் விடாதீங்க."

வாழ்நாள் முழுக்கச் செய்த ஒன்றையே வைத்தியமாக எழுதிக் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? அன்று ஜுனைட் இளைத்துப்போன மனிதராக உள்ளே போய், வேலை கிடைத்த மனிதராக வெளியே வந்தார். தடுப்பதற்கு ஊர் ஒன்று இருக்கிறது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

கல்முனைப் பக்கத்தில் நடுத்தர வயதைத் தாண்டிய ஓர் ஆண் பிரதான வீதியில் தனியே நடந்து போனால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். பைக் பழுதாகியிருக்க வேண்டும், அல்லது பிள்ளைகள் பார்க்கவில்லை என்றிருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் கண்டவர் நிறுத்தி ஏற்ற வேண்டும். ஏற்றாமல் போனவனை ஊர் கதைக்கும். ஜுனைட் இப்போது மின்கட்டணம் கொண்டு வருகிறவர் அல்ல. கண்ணில் நோய் என்று வேறு கதை பரவியிருந்தது. ஊருக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. உத்தியோக காலம் முழுவதற்கும் வட்டி போட்டு வந்தது.

முதலாவதாக நிறுத்தியவன் இரும்புக்கடை நளீர்.

"காக்கா, எங்க போறீங்க?"

"சும்மா நடக்கன்."

"சும்மா எண்டா எங்க?"

"சும்மா எண்டா சும்மாதான் மனே. டொக்டர் நடக்கச் சொன்ன."

"நடக்கத்தானே? ஏறுங்க, நான் கொண்டு விடுறன்."

"எங்க கொண்டு விடுவாய்?"

"நீங்க நடக்கிற இடத்துக்கு."

நியாயம்தான். இருந்தும் ஜுனைட் மறுத்துப் பார்த்தார். நளீரின் முகம் சுருங்கியது. "என்ன காக்கா, நம்மட பைக்ல ஏறினா குறஞ்சி போவீங்களா? வாப்பா இரிந்தா ஏசுவாரு, மீற்றர் காக்காவ றோட்டுல விட்டுட்டு வந்தயா எண்டு." இறந்துபோன வாப்பாவையும் சாட்சிக்கு இழுத்த பிறகு என்ன செய்வது? ஏறினார். நளீர் அவரைக் கொண்டுபோய் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டான்.

அன்றிலிருந்து இதுதான். அவர் செருப்பை மாட்டுவார், பெரிய வீதிக்கு வருவார், எவனாவது நிறுத்துவான். உள் ஒழுங்கையால் போனால் ஓட்டோக்காரன் நிறுத்தினான். கடற்கரையால் போனால் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், "காக்கா, கண் தெரியாம கடலுக்க போயிடாதீங்க!" என்று கூப்பிட்டு, ஒருவர் வந்து கையைப் பிடித்தார். பிடித்த கையை உதறினால் மரியாதையில்லை. உதறாவிட்டால் நடையில்லை.

பைக்கின் பின்னால் இருப்பதைப் போலப் பயங்கரம் அவருக்கு வேறில்லை. நடக்கும்போது தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளலாம். பின் இருக்கையில் எல்லாமே ஓரத்திலிருந்து வருகிறது, அவருக்கு இல்லாமல் போன அந்த ஓரத்திலிருந்து. திடீரென்று ஒரு பஸ். திடீரென்று ஒரு மாடு. ஒருநாள் ஒரு நல்ல மனிதர் அவரைக் கொண்டுவந்து வீட்டுக்கு முன்னால், வடிகானின் பக்கமாக நிறுத்தினார். ஜுனைட் காலை வைத்த இடத்தில் மூடிப் பலகை இருக்கவில்லை. முழங்கால் உரிந்து, மணிக்கட்டு வீங்கிப் படுக்கையில் கிடந்தார்.

பைக்கில் ஏற்றியதால் விழுந்தார். நடந்ததால் விழுந்தார் என்று வீடு முடிவு செய்தது.

வீடு என்றால் மகள் றிஸ்லாவும் மருமகன் இன்ஸாபும். ஜுனைட் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடுதான்; ஆனால் இந்த ஊர் வழக்கப்படி மகளின் கலியாணத்தோடு அது மகளுடையதாகிவிட்டது. மருமகன் உள்ளே வந்தார். மாமனும் மாமியும் பின்னறைக்குப் போனார்கள். இதில் யாருக்கும் மனக்குறை இல்லை. தன் வீட்டில் தானே விருந்தாளியாக இருப்பது இங்கே எல்லா வாப்பாமாருக்கும் கிடைக்கிற பதவி. விருந்தாளியை வெயிலில் நடக்க விடக்கூடாது என்பதும் வழக்கம்தான்.

றிஸ்லா பாசக்காரி. கண்ணில் பிரஷர் என்று கேட்டதுமே கறியில் உப்பைக் குறைத்தாள். அந்தப் பிரஷர் வேறு, இந்தப் பிரஷர் வேறு என்று வாப்பா சொல்லியும் கேட்கவில்லை. "எந்தப் பிரஷரா இரிந்தாலும் உப்பு கூடாது வாப்பா." தலையைக் கீழே தொங்கவிடுகிற உடற்பயிற்சி வேண்டாம் என்று டொக்டர் சொன்னதைக் கேட்டுவந்து, பள்ளிவாசலுக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரையையும் அனுப்பிவைத்தாள், வாப்பா இனிக் கதிரையில் இருந்துதான் தொழ வேண்டும், சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைக்கத் தலை கீழே போகக் கூடாது என்று. ஜுனைட் பயந்துபோய் டொக்டரிடம் கேட்டார். அது கொஞ்ச நேரம்தானே, வழக்கம்போலத் தொழுங்க என்று அவர் சொன்னார். கதிரை பள்ளி வராந்தாவில் கிடக்கிறது. அதில் இப்போது பூனை படுக்கிறது.

ஆனால் வடிகானில் விழுந்த பிறகு எந்த வாதமும் எடுபடவில்லை. தனியே வெளியே போகக்கூடாது. போக வேண்டுமென்றால் இன்ஸாப் கொண்டு விடுவார். இன்ஸாப் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிற, சத்தம் போட்டுக் கதைக்காத, நல்ல மனிதர். நல்ல மருமகன் என்று ஊரில் பெயர். மாமனாரைக் கதிரையில் வைத்திருந்தால்தான் அந்தப் பெயர் நிற்கும்.

அந்த வாரம்தான் கிளினிக் நாளும் வந்தது. இன்ஸாப் கூடப் போனார்.

"நடக்கிறீங்களா ஐயா?" என்று டொக்டர் கேட்டார்.

ஜுனைட் வாயைத் திறப்பதற்குள் இன்ஸாப் முந்திக்கொண்டார். அவருடைய நிலைமையும் இக்கட்டானதுதான். நடக்கிறார் என்றால், கண் தெரியாத மனிசன ஏன் தனிய விட்டீங்க என்பார்கள். நாங்கள் விடவில்லை என்றால், ஏன் விடல்ல என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை கண்டுபிடித்தார்: "மாமாக்கு நடக்க விருப்பமில்ல டொக்டர். நாங்களும் சொல்லித்தான் பாக்கம்."

தாதி வினோஜா அட்டையை எடுத்து எழுதினார். பக்கத்திலிருந்த ஜுனைட், தன்னைப் பற்றி எழுதப்படுவதைத் தனக்கு மிஞ்சியிருந்த நல்ல நடுப்பார்வையால் தெளிவாக வாசித்தார். மருமகனை டொக்டருக்கு முன்னால் பொய்யனாக்கவும் மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கலண்டருக்கு எதிரே உட்கார்ந்தார். மூலைகள் ஆடின.

ஒரு பகல், பள்ளி ஒலிபெருக்கியில் "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று ஜனாஸா அறிவித்தல் கேட்டது. யாரோ தூரத்து உறவு இறந்திருந்தார். போகாமல் இருக்க முடியாது. போனார். தொழுகை முடிந்து, மையித்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். அடக்கம் செய்கிற மையவாடிவரைக்கும் எல்லோரும் கால்நடைதான். மையித்தைச் சுணக்கக்கூடாது என்பதால் கூட்டம் வேகமாகப் போனது. ஜுனைட்டும் வேகமாகப் போனார். முன்னும் பின்னும் ஆட்கள். பக்கத்திலிருந்து பஸ்ஸும் வரவில்லை, மாடும் வரவில்லை. வந்த வாகனமெல்லாம் ஒதுங்கி நின்றது. பாதி வழியில் அவருக்கு உறைத்தது. இவ்வளவு தூரம் நடந்தும் ஒருவனும் ஏறச் சொல்லவில்லை.

ஜனாஸாவுக்குப் பின்னால் நடப்பவனை எவனும் பைக்கில் ஏற்ற மாட்டான். அது நன்மை. நன்மைக்குக் குறுக்கே விழ எந்த நளீருக்கும் துணிவில்லை. ஊர் ஒரு மனிதனை நடக்க விடுகிற ஒரே சந்தர்ப்பத்தை ஜுனைட் கண்டுபிடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு ஜனாஸாவையும் விடவில்லை. தெரிந்தவர், தெரியாதவர், கல்முனைக்குடி, மாளிகைக்காடு, எங்கே அறிவித்தாலும் போனார். வீட்டிலும் தடுக்க முடியவில்லை. மையித்துக்குப் போகிறவரை மறித்தால் பாவமாச்சே. போகிறபோது கொண்டு விடுவார் இன்ஸாப். அங்கிருந்து மையவாடிவரை நடை. கூட்டத்தோடு திரும்பி வருகிற வழியிலும் கொஞ்சம் நடக்கக் கிடைக்கும். கலண்டரைப் பார்ப்பது குறைந்தது. முழங்கால் இளகியது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆட்கள் தினமும் மௌத்தாவதில்லை. மௌத்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் கூடாது. ஜுனைட் எதிர்பார்க்கவில்லை என்றே தன்னிடம் சொல்லிக்கொண்டார். ஆனால் ஒலிபெருக்கி கரகரத்தவுடன் பெயர் வருவதற்கு முன்பே அவருடைய கால் செருப்பைத் தேடத் தொடங்கியது. பெயர் வராமல், தண்ணீர் வெட்டு அறிவித்தலாகப் போனால் முகம் வாடியது. அந்த வாட்டத்தை ஆயிஷா உம்மா கண்டுகொண்டார்.

அவருடைய பழைய கூட்டாளி, காரைதீவுக் குணம், மின்கம்பத்தில் ஏறுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் பார்க்க வந்தபோது ஜுனைட் அவரிடம் மட்டும் விசயத்தைச் சொன்னார். குணம் சிரித்துச் சிரித்துத் தேநீரைச் சாரத்தில் கொட்டிக்கொண்டார்.

"எங்கட ஆக்களுக்கு இந்தக் கரச்சல் இல்லடாப்பா. நான் விடிய எழும்பிக் கோயில் வீதியச் சுத்திக் கும்பிடுறன். எத்தின சுத்துச் சுத்தினாலும் பக்தி எண்டு விடுறாங்கள். ஒருத்தனும் கேக்கிறதில்ல. நீ பாவம், நடக்கிறதுக்கு ஆள் சாக வேணும்."

"மெல்லக் கதை. உள்ளுக்குக் கேக்கும்."

"கேட்டா என்ன? ஊர்ல சாகக் கிடக்கிற வருத்தக்காரர் கொஞ்சப் பேரக் கண்டு வைச்சிக்க. நடை பிசகாது."

"நீ இப்ப எழும்பிப் போ."

குணம் பகிடியாகச் சொன்னதுதான். ஆனால் அடுத்த அறிவித்தலில் வந்த பெயர் தேநீர்க்கடை அபுல் ஹஸன். ஆம்பிள இல்ல என்று ஊரே கதவடைத்த காலத்தில், கடை வாங்குப் பலகையில் இருத்திக் கேளாமலே தண்ணீர் கொடுத்தவர். ஜுனைட்டின் கால் பெயருக்கு முன்பே செருப்பில் இருந்தது. பெயர் வந்ததும் அந்தக் காலை வெளியே எடுத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டு போனார். அன்று கூட்டத்தின் கடைசியில் நடந்தார். சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர்கள் வேகமாகப் போனார்கள். அவரால் அந்த வேகத்தில் போக முடியவில்லை. நடை அன்று ஒன்றுக்கும் உதவவில்லை. நெஞ்சு கலண்டருக்கு முன்னால் அடிப்பதைவிட மோசமாக அடித்தது.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்ததும், யாருக்கும் சொல்லாமல் தனியே பிரதான வீதியில் ஏறித் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஒரு பைக் நின்றது. நளீர்.

"காக்கா, ஏறுங்க. எங்க போய்ட்டு வாறீங்க?"

"ஜனாஸாவுக்கு."

"அது முடிஞ்சிதானே எல்லாரும் போறாங்க. இப்ப எங்க நடக்கீங்க?"

"இன்னொரு ஜனாஸாவுக்கு."

"யார்ர?"

"என்டதான்," என்றார் ஜுனைட். "நீங்க ஆரும் நடக்க விட மாட்டீங்க எண்டுதான் முந்திக்கொண்டு போறன்."

நளீர், "அஸ்தஃபிருல்லாஹ்!" என்று சொல்லிவிட்டு, நிறுத்திய பிறகு முதல் தடவையாக அவரை ஏற்றாமல் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். அது ஜுனைட்டுக்குப் பிடித்திருந்தது. ஆனால் நளீர் பறந்த திசை இன்ஸாபின் கடை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எல்லோரும் முன்னறையில் இருந்தார்கள். றிஸ்லாவின் கண் சிவந்திருந்தது. மீற்றர் காக்கா மௌத்தை நினைத்துக்கொண்டு நடமாடுகிறார் என்று கதை கடைக்கு வந்து, கடையிலிருந்து வீட்டுக்கும் வந்துவிட்டிருந்தது. கணக்குப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது: ஒரு மையித்தையும் விடவில்லை; ஒலிபெருக்கி கேட்டால் எழும்புகிறார்; தெரியாதவன் கப்றுக்கும் போய் நிற்கிறார்.

"வாப்பா, நாங்க என்ன குற வெச்ச?" என்று றிஸ்லா அழுதாள்.

"நடக்கிறதுக்குப் போன புள்ள."

"நடக்கிறதுக்கு மையவாடிக்கா போற?"

"வேற எங்க விட்டீங்க?"

"கேட்டா நாங்க கூட்டிப் போக மாட்டமா?"

"எதில?"

றிஸ்லா இன்ஸாபைப் பார்த்தாள். இன்ஸாப் வாசலில் நின்ற பைக்கைப் பார்த்தார்.

ஆயிஷா உம்மாதான் நடுவில் பேசினார். "மனிசனுக்குப் பைத்தியமுமில்ல, மௌத்து யோசினையுமில்ல. மையித்து இல்லாத நாளெல்லாம் இந்தக் கலண்டருக்கு முன்னால இரிந்து நடுங்கிறத நான்தான் பாக்கன். நீங்க ஆரும் பாக்கல்ல."

அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஆனால் டொக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். அடுத்த கிளினிக்குக்கு றிஸ்லாவும் இன்ஸாபும் இரண்டு பேருமே வந்தார்கள். ஜுனைட் ஓட்டோவில், அவர்கள் பைக்கில், பின்னால் காவலுக்கு.

அன்று பார்வைப் புலச் சோதனையும் இருந்தது. ஒரு கிண்ணத்துக்குள் தலையை வைத்துக்கொண்டு, மின்மினி மாதிரி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். பதற்றக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. வெளிச்சம் வராத இடைவெளியெல்லாம், வந்து தனக்குத் தெரியாமல் போனதோ என்று ஐமிச்சம். அழுத்தலாமா, விடலாமா? வராத வெளிச்சத்துக்கு அழுத்தினால் பொய். வந்த வெளிச்சத்துக்கு அழுத்தாவிட்டால் குருடு. வியர்த்துப்போய் வெளியே வந்தார். சோதனைத் தாளை டொக்டர் பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தன் வாழ்க்கையே அந்த இரண்டு தாளுக்கும் நடுவில் இருப்பதுபோல ஜுனைட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன முறை மாதிரியே இருக்கு ஐயா. கூடவுமில்ல, குறையவுமில்ல. இப்ப நடக்க மனம் வருதா?"

இன்ஸாப் தொண்டையைச் செருமினார். ஜுனைட் அவர் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கி நிறுத்தினார்.

"டொக்டர், எனக்கு நடக்க ஆசை. எப்பவும் ஆசைதான். விடுறாங்க இல்ல. இவங்களும் விடுறாங்க இல்ல, ஊரும் விடுறாங்க இல்ல."

"விழுந்தாரு டொக்டர்," என்றாள் றிஸ்லா.

"நடக்கிறப்பவா?"

றிஸ்லா மறுபடியும் இன்ஸாபைப் பார்த்தாள். பிறகு இன்ஸாப், குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல, "பைக்கால இறங்கக்குள்ள," என்றார்.

டொக்டர் சிரிக்கவில்லை, அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பகலில் நடக்கட்டும், தெரிந்த பாதையில் நடக்கட்டும், வெயில் கூசாமல் ஒரு தொப்பி போடட்டும், சந்திகளில் தலையை இரண்டு பக்கமும் நன்றாகத் திருப்பிப் பார்க்கட்டும், விருப்பமென்றால் வீட்டில் ஒருவர் கூட நடக்கட்டும் என்றார். பதற்றம் கூடினால் அதற்கும் கிளினிக் இருக்கிறது, வெட்கப்படத் தேவையில்லை என்றார். இன்ஸாப் எல்லாவற்றுக்கும் "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்" என்று தலையாட்டினார். வினோஜா அடுத்த திகதியை அட்டையில் போட்டுக் கொடுத்தார். மேலே இருந்த வரிகளைத் திருத்த யாருக்கும் நேரமில்லை. வெளியே வரிசை நீண்டிருந்தது.

வாசலுக்கு வந்ததும் இன்ஸாப் பைக்கை உதைத்துக் கிளப்பினார்.

"ஏறுங்க மாமா."

ஜுனைட் அவரைப் பார்த்தார்.

"நாளைக்கிரிந்து நடப்பம் மாமா, இன்ஷா அல்லாஹ். நானும் வாறன். இண்டைக்கு வெயில். றிஸ்லா ஓட்டோல வரட்டும்."

கோபத்தில் ஜுனைட்டின் காது சூடானது. ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்த பேச்சு, வாசற்படி தாண்டவில்லை. சட்டைப் பையிலிருந்து தொழுகைத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதில் வெயிலை மறைக்கிற விளிம்பு இல்லை என்பதை அப்போது யாரும் சுட்டிக்காட்டவில்லை. இடது பக்கம் திரும்பிப் பார்த்தார், வலது பக்கம் திரும்பிப் பார்த்தார், வீதியில் இறங்கினார்.

"மாமா! மாமா!"

அவர் நிற்கவில்லை. றிஸ்லா ஓடிவந்து பைக்கின் பின்னால் ஏறினாள். இன்ஸாப் முதல் கியரில், கால் இரண்டையும் தரையில் உரசிக்கொண்டு, மாமனாருக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் வந்த வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. முதல் சந்தியில் தலையைத் திருப்பியபோது, ஓரத்திலிருந்து ஒரு லொறி திடீரென்று முளைத்தது. ஜுனைட்டின் நெஞ்சு ஒருமுறை நின்று அடித்தது. லொறி போகும்வரை நின்றார். பிறகு கடந்தார்.

வழக்கம்போல ஒருவன் நிறுத்தினான். "காக்கா, ஏறு..." இன்ஸாப் பின்னாலிருந்து கத்தினார்: "ஏற மாட்டாரு! அவர் நடக்காரு! நீங்க போங்க!" இன்னொருவன் நிறுத்தினான். "போங்க தம்பி, டொக்டர் சொன்ன!" மூன்றாவதாக வந்தவன் நளீர். முன்னால் தொப்பியோடு வியர்த்து நடக்கும் மாமனாரையும், பின்னால் மனைவியை ஏற்றிக்கொண்டு உருட்டி வரும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன மச்சான், மாமாவோட கோவமா? வீட்ட விட்டுப் போறாரா?"

"வீட்டுக்குத்தான்டா போறாரு!"

"அப்ப ஏன் நடக்காரு?"

இன்ஸாபுக்குப் பதில் தெரியும். ஆனால் அதை இந்த ஊருக்குப் புரியும்படி சொல்ல வழி தெரியவில்லை. மருமகன் மாமாவைத் துரத்திவிட்டான் என்ற கதை அஸர் தொழுகைக்கு முன் கல்முனைக்குடியை எட்டிவிட்டது. இன்னும் சில பேர் அதை நம்புகிறார்கள். அட்டையில் இருப்பதும் அப்படியே இருக்கிறது.

அன்று ஜுனைட் கிளினிக் வாசலிலிருந்து சாய்ந்தமருது வீட்டுப் படலைவரைக்கும் நடந்தார்.